கத்தியில்லாமல் தாடை கரைக்க: பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் நுவரெலியாவுக்கு வருவது வாவியைச் சுற்றவும் ஸ்ட்ரோபெரி வாங்கவும். போன ஆவணியில் நான் போனது, என் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த கொழுப்பை ஊசி போட்டுக் கரைப்பதற்கு. குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். ஊசியைப் பற்றித் தமிழில் தேடினால் விளம்பரங்கள்தான் வருகின்றன. அதே வழியில் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். என் உறவினர்கள் யாரும் இந்த வலைப்பதிவை வாசிப்பதில்லை. ஒன்பது வருடமாக எழுதுகிறேன், ஒரு வரி வாசித்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. இந்த ஒரு பதிவுக்கு மட்டும் அது வசதியாகப் போயிற்று.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பரமேஸ்வரியின் மகள் தர்ஷினிக்கு ராகலையில் கல்யாணம். நான் தாய்மாமன். மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் வீடியோக்காரன் நம் முகத்தை விட்டு நகரமாட்டான். தங்கையின் கணவர் கணேசமூர்த்தி மரக்கறி மொத்த வியாபாரி. அவருடைய புது வீட்டுக் குடிபூரலின்போது என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, ஒரு லொறி முதலாளியை முதல் வரிசையில் உட்கார வைத்தார். பல்கலைக்கழகம் போய் வந்து, அப்போதே பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்திருந்தவனுக்கு மூன்றாவது வரிசை. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாக நானும் அவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதைத் தங்கை வழியாகப் பேசிக்கொள்வோம். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டே, "அண்ணன சாப்பிடச் சொல்லு" என்பார். நானும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே, "பசியில்லன்னு சொல்லு" என்பேன்.

அந்தக் குடிபூரல் வீடியோவில் கமரா கீழிருந்து மேலாகப் பிடித்ததில் எனக்கு மூன்று தாடைகள் தெரிந்தன. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

கொழும்பில் அறுவைச் சிகிச்சைக்கு விசாரித்தேன். மயக்க மருந்து, கட்டு, இரண்டு வாரம் ஓய்வு, அதோடு என் சம்பளத்துக்கு ஒத்துவராத தொகை. நுவரெலியாவில் ஒரு கடைமாடியில் உள்ள கிளினிக்குக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து ஒரு தோல் டொக்டர் வருகிறார், ஊசியால் அதே வேலையைச் செய்கிறார் என்று தெரிய வந்தது. விளம்பரத்தில் "கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வேலைக்குத் திரும்பலாம்" என்று போட்டிருந்தது. முதல் தடவை பதிவு செய்த நாளில் மழைக்குத் தலவாக்கலைப் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அடுத்த வருகை ஒரு வியாழக்கிழமை. கல்யாணம் அதற்கு மறுநாள் வெள்ளி. அன்றே வேலைக்குத் திரும்பலாம் என்றால் மறுநாள் கல்யாணத்துக்கும் போகலாம்தானே என்று கணக்குப் போட்டேன். கணித ஆசிரியன் போட்ட கணக்கு.

வியாழன் காலை ஆறு பத்துக்குப் பூண்டுலோயாவில் தலவாக்கலை பஸ் ஏறினேன். டிக்கெட் தொண்ணூறு ரூபாய், மிச்சப் பத்து ரூபாய் வரவில்லை, கேட்டதற்குக் கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். தலவாக்கலையில் ஏழு மணிக்கு இறங்கி, ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு நுவரெலியா பஸ்ஸைப் பிடித்தேன். நூற்றெண்பது ரூபாய். லிந்துலை தாண்டினால் இடது பக்க ஜன்னல் நல்லது, தேயிலைச் சரிவு முழுக்கத் தெரியும். நானுஓயாவுக்குப் பிறகு குளிர் ஏறும், மப்ளர் கட்டாயம். மப்ளர் இந்தப் பயணத்துக்கு வேறொரு காரணத்துக்காகவும் தேவை, அதைப் பிறகு சொல்கிறேன். எட்டரைக்கு நுவரெலியா. பஸ் நிலையத்திலிருந்து கிளினிக்குக்கு நடந்தால் ஏழெட்டு நிமிடம். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். நடந்தேன்.

டொக்டர் சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும், ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார். எனக்கு முதலில் பிடித்துப் போனது அவர் என்னை "சேர்" என்று அழைத்தது. பிடிக்காமல் போனது, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி இதையும் சேர்த்துக் கரைத்துவிடலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில். இந்த மருந்து சின்னச் சின்ன இடங்களில் தங்கிய கொழுப்புக்குத்தான், உடல் எடையைக் குறைக்க அல்ல, இந்த வயிற்றுக்கு ஊசி போடச் சம்மதிக்கிற டொக்டரிடம் போக வேண்டாம், நடங்கள் என்றார். பஸ் நிலையத்திலிருந்து நடந்துதான் வந்தேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பித்தநீரில் கொழுப்பைச் செரிக்க உதவும் ஓர் அமிலம் உண்டு. அதைத் தயாரித்து மருந்தாக்கி ஊசியில் ஏற்றுகிறார்கள். அது கொழுப்புக் கலங்களின் சுவரை உடைக்கும். உடைந்ததை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். அதற்கு வாரங்கள் எடுக்கும், ஒரு தடவை போதாது, இரண்டு முதல் நாலைந்து தடவை தேவைப்படலாம். வீங்கும், கன்றிப்போகும், மரத்துப்போகும். அரிதாகச் சிலருக்கு வாயோர நரம்பு பாதித்துச் சிரிப்பு கோணலாகும். எனக்கு அந்தக் கடைசி விஷயத்தில் கவலை இல்லை, நான் அதிகம் சிரிப்பதில்லை.

பிறகு அவர் கேட்டார், அடுத்த இரண்டு வாரத்தில் ஏதாவது விசேஷம் உண்டா என்று.

இல்லை என்றேன்.

உண்டு என்றிருந்தால் ஊசி போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்கள் டொக்டரிடம் உண்மை சொல்லுங்கள். நான் சொல்லாததால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம்.

தாடைக்குக் கீழே கட்டம் போட்ட ஒரு தாளை ஒட்டி எடுத்தார். தோலில் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் பதிந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஊசி. ஐஸ் வைத்த பிறகும் மிளகாய்த்தூள் தடவியது போல எரிந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. நாற்பத்தையாயிரம் ரூபாய், பற்றுச்சீட்டு தருகிறார்கள். வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தேன். தாடை வந்தபோது இருந்ததைவிட இரு மடங்காக இருந்தது. வரவேற்பில் இருந்த கந்தப்பளைப் பெண், "இன்னும் கொஞ்சம் வீங்குங்க சார், பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

பன்னிரண்டேகாலுக்கு ராகலை பஸ். மாமன் என்ற முறையில் முதல் நாளே போய் நிற்க வேண்டும், சீர்த்தட்டுகளோடு என் மனைவி மறுநாள் காலை வேனில் வருவதாக ஏற்பாடு. ஊசி விஷயம் அவளுக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஐஸ் பையைத் தாடைக்கு வைத்து மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். கந்தப்பளையைத் தாண்டும்போது ஐஸ் உருகிச் சட்டை நனைந்தது. மப்ளரை அவிழ்த்தேன். பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர். என் முகத்தைப் பார்த்தவுடன் குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது பொன்னுக்கு வீங்கிங்க. இதோட பஸ்ஸுல வரலாமா?"

"இல்லம்மா, இது வேற."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. வீட்டுக்குப் போனதும் தங்கச் சங்கிலி ஒண்ணக் கழுத்துல போட்டுக்குங்க. வேப்பிலையும் வைங்க."

அவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். முன் இருக்கைக்காரர்களும் எழுந்தார்கள். ராகலை பஸ்ஸில் முழு இருக்கையும் ஜன்னலும் எனக்கே கிடைத்தது என் வாழ்நாளில் அன்றுதான். மதிய நேரத்தில் அந்த வழியில் இடம் கிடைப்பது கடினம் என்று பலர் எழுதுகிறார்கள். கிடைக்கும் வழி இருக்கிறது.

ஒன்றரைக்கு ராகலை. கணேசமூர்த்தியின் வீடு டவுனிலிருந்து பத்து நிமிட நடை, பக்கத்திலேயே அவருடைய மரக்கறிக் களஞ்சியம். முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி. தங்கை ஓடி வந்தவள் என் தாடையைப் பார்த்து நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பிறகுதான் அழுதாள். "நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்படி ஆயிருச்சேண்ணே." பொன்னுக்கு வீங்கி இல்லை என்று சொன்னால் பின் என்ன என்று கேட்பார்கள். பந்தலில் நாற்பது பேர். நான் வாயைத் திறக்கவில்லை.

அதுதான் பெரிய தவறு. மாப்பிள்ளை வீடு டயகம. அவர்கள் பக்கத்திலிருந்து தாம்பூலத்தோடு முதல் நாளே வந்திருந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், ஓய்வுக்குப் பிறகும் குரல் மலையின் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும். பொன்னுக்கு வீங்கி குழந்தைக்கு வந்தால் ஒரு வாரத்தில் போய்விடும், வளர்ந்த ஆம்பளைக்கு வந்தால் கீழே இறங்கிவிடும், அப்புறம் பிள்ளை குட்டி கிடையாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இந்த மனுஷன் வந்து நிற்பதா? நின்றால் தாலி கட்ட மாப்பிள்ளை வரமாட்டான். அவ்வளவுதான், முடிந்தது.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. நான் களஞ்சியத்தில் தனியாகத் தங்குவது. மணவறைக்கு என் சித்தப்பா மகன் தங்கராஜ் மாமனாக நிற்பது. தங்கராஜ் சின்ன வயதிலிருந்தே என் இடத்தில் நிற்க ஆசைப்பட்டவன். எனக்கு எடுத்து வைத்த பட்டுவேட்டியை இடுப்பில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டே, "கவலப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றான். இதை நான் மறக்கப் போவதில்லை.

களஞ்சியத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் லீக்ஸ் கட்டுகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள். தட்டில் சோறு வைத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மாலையில் தர்ஷினி வந்தாள். கையில் மருதாணி, முகத்தில் மாஸ்க், வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"மாமா, நீங்க இல்லாம எப்படி?"

"தங்கராஜ் மாமா இருக்கான்ல."

"அவருக்கு எப்பவும் கை வேர்த்திருக்கும் மாமா. அதுவும் இல்ல, நீங்கதானே எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." மாஸ்க்கின் மேல் விளிம்பு நனைந்திருந்தது.

அவள் போன பிறகு யோசித்தேன். உண்மையைச் சொன்னால், கணித வாத்தியார் தாடைக்கு ஊசி போட்டுக்கொண்ட கதை ராகலையிலிருந்து ஹட்டன் வரை போகும். என் பள்ளியில் எனக்குப் பதிலாக உப அதிபரானவர் வரை போகும். சொல்லாவிட்டால் தங்கராஜ். கடைசியில் தங்கராஜின் கையை நினைத்துத்தான் எழுந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது, அந்தப் பிள்ளையின் மாஸ்க்கை நினைத்துத்தான் எழுந்தேன். களஞ்சிய வாசலில் நின்று, லீக்ஸ் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த கணேசமூர்த்தியை நேராகக் கூப்பிட்டேன்.

"மச்சான்."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் தங்கை இருக்கிறாளா என்றும் பார்த்தார். இல்லை. "சொல்லுங்க மச்சான்."

"இது பொன்னுக்கு வீங்கி இல்ல."

"பின்ன?"

"ஊசி. கொழுப்பக் கரைக்கிற ஊசி. காலையில நுவரெலியாவுல போட்டேன்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடமாகத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"வலிச்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

"யாருக்கும் ஒட்டாதே?"

"ஒட்டாது. டொக்டர் சீட்டு இருக்கு."

சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் வாசித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "அப்ப சரி. நீங்க வாயத் தொறக்காதீங்க." என் தோளைப் பிடித்து நேராகப் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கேட்டுக்கங்க எல்லாரும்," என்றார். "மச்சானுக்குப் பொன்னுக்கு வீங்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வர்ற வழியில குளவி கொட்டியிருக்கு. ரோட்டோரம் தேயிலைக்குள்ள ஒண்ணுக்குப் போன எடத்துல. அத எப்படி வாயத் தொறந்து சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறாரு."

பந்தலே சிரித்தது. என்னைக் காப்பாற்ற இதைவிடக் கண்ணியமான ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கவில்லையா என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் நம்பினார்கள். நம் மலைப் பக்கத்தில் தேயிலைக்குள் குளவி என்றால் நம்பாதவர் யார்? டயகம அத்தை மட்டும் போன் வெளிச்சத்தை என் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"என்னாங்க இது, கொட்டெல்லாம் வரிசையா இருக்கு? மலையில என்னைய எத்தனையோ வாட்டி கொட்டியிருக்கு, இப்படி வரிசையாக் கொட்டுனதில்லியே."

"கணக்கு வாத்தியாரு இல்லீங்களா," என்றார் கணேசமூர்த்தி. "வரிசையில நின்னு கொட்டியிருக்கும்."

அத்தை ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் தாடை முழுக்கத் தன் கையாலேயே அப்பினார். தான் ஒரு முறை குளவிக்கூடு கலைந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அந்த நாட்களுக்குப் பேர் விழாமல் சம்பளம் போனதையும் அப்பிக்கொண்டே சொன்னார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் பட்ட கொட்டு நிஜம், என்னுடையது நாற்பத்தையாயிரம் ரூபாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் மனைவி சீர்த்தட்டுகளோடு இறங்கினாள். குளவிக் கதை அவளுக்கு வாசலிலேயே சொல்லப்பட்டது. என் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, புள்ளிகளைப் பார்த்தாள். "குளவி எவ்வளவு வாங்குச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை, இதுவரை.

தங்கராஜிடமிருந்து வேட்டியைத் திரும்ப வாங்கினேன். தர்ஷினியின் கழுத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனேன். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது, என் விரலை நெரித்துப் பிடித்திருந்தாள். வீடியோக்காரன் வழக்கம்போலக் கீழிருந்துதான் பிடித்தான். ஆல்பம் வந்துவிட்டது. எல்லாப் படத்திலும் எனக்குச் சுண்ணாம்பு பூசிய, பலாப்பழம் அளவு தாடை. தாலி கட்டும்போது நான் முதல் வரிசையில் இருக்கிறேன்.

இனிப் போகிறவர்களுக்கு. வீக்கம் எனக்கு ஒன்பது நாளில் வடிந்தது, மரத்துப்போனது ஒரு மாதம். இப்போது தாடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால் எனக்குத் தெரிகிறது. இரண்டாவது ஊசி போடலாம் என்கிறார் டொக்டர், இன்னும் முடிவெடுக்கவில்லை. மருந்துப் பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், பெயரையும் பதிவையும் பாருங்கள். இணையத்தில் பார்சலில் வருவதை வாங்கிப் பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளாதீர்கள், அதில் தோல் அழுகிப் போனவர்களைப் பற்றி டொக்டர் சொன்னதை இங்கே எழுத மனமில்லை. வயிற்றுக்குக் கேட்காதீர்கள். மருந்து, நோய் எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள், விசேஷத் திகதியை முதலில் சொல்லுங்கள். விசேஷத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் போங்கள். பூண்டுலோயாவிலிருந்து காலை பஸ்ஸில் போனால் அன்று மாலையே திரும்பிவிடலாம். போக வர, சாப்பாடு உட்பட, ஆட்டோ ஏறாவிட்டால், ஆயிரம் ரூபாய் போதும்.

கடைசியாக ஒன்று. ஊசி போட்டுக்கொண்டு நேராக எந்த வீட்டுக்குப் போகிறீர்களோ, அந்த வீட்டில் உங்களுக்காக முகம் மாறாமல் பொய் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். கணேசமூர்த்தி இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை, என் தங்கையிடம்கூட. பன்னிரண்டு வருடமாகப் பாடுபட்டு வளர்த்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன். இப்போது அவரோடு நேராகப் பேசுகிறேன். குறைவாகத்தான்.